அசையாத காற்று

கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பிவிட்டீர்கள், தம்பி. எங்கள் வீட்டில் யாராவது அப்படித் தேநீர் ஊற்றினால், குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று அர்த்தம். நீங்களோ என்னை வெளியே விடப்போவதில்லை. அடுத்த முறை பாதி ஊற்றுங்கள், போதும். சூடு ஆறாமல் இருக்கும், பேசவும் வசதி.

என் பெயர் சைரகான். ஆய்வுக்கூடத்துச் சின்னவர்கள் சைரா எஜே என்பார்கள். எஜே என்றால் அக்கா என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. யாரும் கூப்பிடாமல் நானாகத்தான் வந்தேன் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் காவல்நிலைய வாசலில் இருந்த காவலர், கிழவி பணப்பையைத் தொலைத்துவிட்டாள் என்று நினைத்து என்னை வேறு வரிசையில் நிற்கவைத்துவிட்டார். நானும் நின்றேன். அவசரப்படுகிற ஆள் இல்லை நான்.

வந்த காரணம் ஒன்றுதான். எங்கள் ஆய்வுக்கூடத்து ஜிபர்குல் பொய்க்காரி என்று விசாரணைக் குழு முடிவு கட்டியிருக்கிறது. அவள் செய்ததாகச் சொன்ன சூரிய மின்கலங்களை அதே அறையில், அதே மேசையில் வேறு யாராலும் செய்யமுடியவில்லையாம். ஆகவே எண்களை அவள் இட்டுக்கட்டியிருக்க வேண்டுமாம். செத்துப்போனவள் எழுந்து வந்து பதில் சொல்லமாட்டாள் என்ற தைரியம் அவர்களுக்கு. அவள் ஒரு எண்ணைக்கூட மாற்றியவள் இல்லை. அதை நிரூபிக்க என்னால் மட்டும்தான் முடியும்.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். சிறு கண்ணாடிச் சில்லு ஒன்றைச் சுழலவிட்டு, அதன்மேல் மஞ்சள் கரைசலைச் சொட்டவேண்டும். சுழலச் சுழல அது படலமாகப் பரவும். சரியான நொடியில் இன்னொரு திரவத்தை விட்டால் மஞ்சள் பழுப்பாகும். சூடான தட்டில் வைத்தால் கறுத்துவிடும். அந்தக் கறுப்புப் படலத்துக்குப் பெயர் பெரோவ்ஸ்கைட். தலைமுடியைவிட எத்தனையோ மடங்கு மெலிது, ஆனால் வெயில் பட்டால் மின்சாரம் தரும். வசதியான நாடுகளில் இதை நைட்ரஜன் நிரப்பி மூடிய கூண்டுக்குள் கைவிட்டுச் செய்வார்கள். ஈரக்காற்று பட்டால் படலம் கெட்டுவிடும் என்று பயம். எங்களுக்கு அந்தக் கூண்டு கிடைக்கவில்லை. நாம் மூச்சு விடுகிற இந்தக் காற்றிலேயே செய்தோம். முதலில் வேறு வழியில்லாமல் செய்தோம், பிறகு அதையே கொள்கையாக்கிக்கொண்டோம். திறந்த காற்றில் நல்ல கலம் செய்யமுடிந்தால், நாரின் மாதிரி ஒரு மலையூரில் பழைய கொட்டகையில்கூடத் தொழிற்சாலை வைக்கலாம். பனிக்காலத்தில் மின்சாரம் போனதும் ஊரே நிலக்கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு இருமுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த ஊர்களுக்காகத்தான் நான் செய்தேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

ஆனால் கலங்கள் சுமாராகத்தான் வந்தன. படலம் எங்கும் ஊசித்துளைகள், கோடுகள். எத்தனையோ ஆண்டுகள் அப்படியே போயின. மாநாடுகளில் என் ஆய்வை விளக்கும் சுவரொட்டியைக் கழிப்பறைக்குப் போகிற வழியில்தான் மாட்டுவார்கள். எங்களுக்குப் போட்டியான அல்மாட்டி நகரத்து ஆய்வுக்கூடத்துக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, காற்றில் செய்வதென்றால் இவ்வளவுதான் வரும் என்று ஆறுதல் சொல்வார்கள். எனக்கு ஆறுதல் பிடிக்காது. உள்ளுக்குள் எரியும். அதை மறைக்க நான் விரும்பவில்லை.

ஜிபர்குல் கொச்கோர் கிராமத்திலிருந்து வந்தவள். புருஷன் அசில்பெக் நகரத்தில் சிற்றுந்து ஓட்டுகிறான். அவளிடம் ஒரே ஒரு விசேஷம்: கை நடுங்காது. என் கை நடுங்கும், பார்க்கிறீர்களே, கிண்ணத்தையே இரண்டு கையால்தான் பிடிக்கிறேன். அவள் சொட்டு விடும்போது பக்கத்தில் நின்று பார்த்தால் சிலை மாதிரி இருப்பாள்.

"ஏண்டி, நீ மூச்சு விடுறியா இல்லையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சொட்டு விடும்போது விடமாட்டேன் எஜே. விட்டா கை ஆடும். அப்புறம் மொத்தமா சேத்து இழுத்துக்குவேன்."

உண்மைதான். ஒவ்வொரு சில்லு முடிந்ததும் கரைசலுக்குமேல் குனிந்தபடியே நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுப்பாள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அதையும் எழுதுங்கள். மத்தியானம் என் சாப்பாட்டில் பாதி அவளுக்குத்தான்.

இப்போது உறிஞ்சுபெட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்த மஞ்சள் கரைசலைக் கரைக்கிற கரைப்பான் இருக்கிறதே, அதன் ஆவி உடம்புக்கு ஆகாது. ஈரலைத் தின்னும். அதனால் சுழலியை மூன்று பக்கம் அடைத்த ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்போம். பெட்டிக்கு மேலே குழாய், மொட்டைமாடியில் விசிறி. ஆவியையெல்லாம் அது இழுத்து வெளியே தள்ளிவிடும்.

போன வசந்தத்தில் ஒருநாள் அந்த விசிறியின் வார் அறுந்துபோனது. மத்தியானம் வரை யாரும் கவனிக்கவில்லை. அன்று ஜிபர்குல் செய்த கலங்களை அளந்தபோது கருவி கெட்டுவிட்டதோ என்று நினைத்தோம். அப்படி ஒரு படலத்தை நான் பார்த்ததே இல்லை. துளை இல்லை, கோடு இல்லை, முகம் பார்க்கலாம். எங்கள் தலைவர் ஓமுராகுன் ஓடிவந்தார், பைகே, அதாவது அண்ணன், என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். அவர் இயல்பிலேயே சந்தேகப்பிராணி. தான் தின்கிற சம்சாவில் இறைச்சி குறைந்தால்கூட யாரோ நோண்டி எடுத்துவிட்டார்கள் என்று சுற்றிப் பார்ப்பார்.

"சைரா, இந்தப் பொண்ணு எங்கேயோ வெளிநாட்டுக் கலத்த வாங்கியாந்து வச்சு அளந்திருக்கா" என்றார்.

"பைகே, உங்க கண்ணு முன்னாடிதானே அவ அளந்தா?"

"கண்ணு முன்னாடியே சீட்டு மாத்துறவங்கள நான் பஜார்ல பாத்திருக்கேன்."

மறுநாள் வாரை மாற்றினார்கள். கலங்கள் பழையபடி சுமாராகிவிட்டன. ஓமுராகுன் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அன்றிலிருந்து ஜிபர்குல் கைப்பையைத் திறந்தால் அவர் கண் அங்கே போகும். அவள் கைகழுவுகிற தொட்டியருகே நின்று அழுதாள். "நான் ஒண்ணும் பண்ணல எஜே" என்றாள். எனக்குத் தெரியும் என்றேன். எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

விஷயம் எளிது. விசிறி இழுக்கும்போது அறையின் காற்று படலத்தின்மேல் ஓடுகிறது. ஒரு பக்கம் சீக்கிரம் காய்கிறது, இன்னொரு பக்கம் ஈரம் ஏறுகிறது. காற்று அசையாமல் நின்றால், கரைப்பானின் ஆவியே படலத்துக்கு மூடியாகிவிடும். பலோ சோற்றை மூடித் தம்மில் விடுகிறோமே, அதுபோல. படிகங்கள் நிதானமாக, பெரிதாக வளரும். இதற்காகத்தான் நான் இத்தனை காலம் காத்திருந்தேன். அது ஒரு வார் அறுந்த நாளில் வந்து நின்றது.

பெட்டிக்குமேல் குழாயில் ஒரு தகடு உண்டு. திருப்பினால் வழி அடைபடும். ஒரு காலையில், யாரும் வருமுன் நாற்காலியில் ஏறி அதைத் திருப்பினேன். விசிறி மாடியில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சத்தம் கேட்டது, பச்சை விளக்கும் எரிந்தது. ஒருநாள் பார்ப்போம் என்றுதான் செய்தேன். அன்றைய கலங்கள் வார் அறுந்த நாளின் கலங்களையும் மிஞ்சின.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஓமுராகுனிடம் சொன்னால் பாதுகாப்பு அதிகாரி வருவார், தகட்டுக்கு முத்திரை வைப்பார். யோசனை வெளியே கசியும், அல்மாட்டிக்காரர்கள் அதைத் தங்கள் கூண்டுக்குள் வைத்துச் செய்து என் சுவரொட்டியைத் திரும்பவும் கழிப்பறைப் பக்கம் அனுப்புவார்கள். முகமூடி கொடுக்கலாமா என்றும் யோசித்தேன். கொடுத்தால் ஏன் என்று கேட்பாளே. ஜிபர்குல் வாயில் எந்த ரகசியமும் தங்காது. மத்தியானம் தெரிந்தால் சாயங்காலம் அசில்பெக்குக்குத் தெரிந்துவிடும். ஆகவே தகடு மூடியே இருந்தது. என் மேசையை நான் பக்கத்து அறைக்கு, சன்னலோரமாக மாற்றிக்கொண்டேன். அவளுக்குக் கொஞ்சம் இடம் தாராளமாக இருக்கட்டும் என்று.

கோடையில் அறையில் ஒரு மீன் வாடை எழுந்தது. அந்தக் கரைப்பான் கெடும்போது அப்படித்தான் நாறும். வேறு ஊராக இருந்தால் யாராவது மூக்கைச் சுளித்து யோசித்திருப்பார்கள். இங்கே இசிக்குல் ஏரிக்குப் போய்வருகிற எவனும் வழியில் கருவாட்டுச் சரம் வாங்காமல் வருவதில்லை. வாடை வந்ததும் எல்லோரும் காவல்காரர் மெதெரைத்தான் பார்த்தார்கள், பீரும் செபாக் கருவாடும் அவருக்கு உயிர்.

"மெதெர், இது ஆய்வுக்கூடமா, சாராயக்கடையா?" என்று ஓமுராகுன் படியிலிருந்தே கத்தினார்.

"அல்லா சத்தியமா நான் இங்க வச்சுத் தின்னல பைகே. என் வாய வேணா மோந்து பாருங்க."

"உன் வாய மோந்து பாக்கத்தான் நான் டாக்டர் பட்டம் வாங்கினேனா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜிபர்குல்தான் விழுந்து விழுந்து சிரித்தாள். மெதெர் பாவம், எங்கள் மூன்றாம் மாடிக்கு வருவதையே நிறுத்திவிட்டார். அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

இலையுதிர்காலத்தில் எங்கள் கலம் ஓமுராகுனையே நம்பவைத்தது. தன் கையாலேயே அளந்தார், பிறகு கொனியாக் வாங்கிவர ஆளனுப்பினார். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? ஒவ்வொருவராக எழுந்து வாழ்த்துச் சொல்லவேண்டும், சொல்லிவிட்டுக் கிண்ணத்தைக் காலி செய்யவேண்டும், தப்பிக்கமுடியாது. ஜிபர்குல் எழுந்தாள். "என்னை நம்பின சைரா எஜேக்கு நூறு வயசு" என்றாள். ஒரே மடக்குதான். கழுத்திலிருந்து நெற்றி வரை முகம் அப்படியே சிவந்துபோனது. திட்டுத் திட்டாக, அடுப்பில் முகம் வைத்ததுபோல.

"பாருப்பா, ஒரு மடக்குக்கே மாதுளம்பழம் ஆயிட்டா" என்றார் ஓமுராகுன்.

"கொனியாக்னால இல்ல பைகே, வயித்துல விசேஷம்" என்றாள் கணக்குப்பிரிவு ரகியா. "பேர் வைக்கிற விருந்துக்கு இப்பவே எனக்கு எடம் போட்டு வைடி."

"சும்மாருங்கக்கா. நெஞ்சு படபடன்னு அடிக்குது, சத்தியமா" என்று அவள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். கையை நெஞ்சில் வைத்திருந்தாள்.

விசேஷம் ஒன்றும் இல்லை, தம்பி. அந்தக் கரைப்பானை நாள்கணக்காகச் சுவாசித்தவர்களுக்கு மது ஒரு மடக்குக்கூட ஒத்துக்கொள்ளாது, முகம் இப்படித்தான் பற்றிக்கொள்ளும். பழைய தொழிற்சாலைக் கையேடுகளில் இருக்கிறது. அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களில் அதைப் படித்தவள் நான் ஒருத்தி. நான் எழுந்துபோய் அவள் கிண்ணத்தில் தேநீர் ஊற்றினேன். இனிமேல் இவளுக்குக் கொடுக்காதீர்கள் என்று எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொன்னேன். பெற்ற தாய்கூட இப்படிப் பார்க்கமாட்டாள் என்றாள் ரகியா.

பிறகு அவளுக்குத் தலைவலி வர ஆரம்பித்தது. என் மேசை இழுப்பில் எப்போதும் மாத்திரை உண்டு. கேட்கும்போதெல்லாம் கொடுத்தேன். அந்த மாத்திரையும் ஈரலைத்தான் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் தலைவலியோடு ஒருத்தியை எப்படி வேலை செய்யச் சொல்வது?

ஒருநாள் அவள் கைவேலையை நிறுத்திவிட்டுப் பெட்டியின் மேல்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எஜே, இது நிஜமா இழுக்குதா?"

"சத்தம் கேக்கலையா?"

"கேக்குது. ஆனா மீன் வாடை போகவேயில்லையே. மெதெரும் இப்ப வர்றதில்ல."

மெல்லிய காகிதத்தைக் கிழித்து நாடாவாக்கிப் பெட்டியின் மேல்விளிம்பில் ஒட்டினாள். இழுவை இருந்தால் அது உள்நோக்கிப் படபடக்க வேண்டும். ஆடாமல் தொங்கியது. மழைநாள், மாடியில் காற்று எதிர்த்து அடிக்கிறது, நாளைக்குப் பார் என்றேன். மறுநாள் அது படபடத்தது. பழைய கணினி ஒன்றிலிருந்து கழற்றிய சின்ன விசிறியை நாடாவுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தேன். அதன் காற்று நாடாவை மட்டும் ஆட்டும், கீழே படலம் வரை வராது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க நான் கொஞ்சம் சிரமப்படவேண்டியிருந்தது. ஜிபர்குல் நாடாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வெட்கப்பட்டாள். "மன்னிச்சுக்குங்க எஜே, எனக்கு எல்லாத்துலயும் சந்தேகம் வர ஆரம்பிச்சிருச்சு" என்றாள். ஓமுராகுனோடு பழகினால் அப்படித்தான் என்று சிரித்துவிட்டேன்.

பனிக்காலம் தொடங்கும்போது அவள் கண் மஞ்சளாயிற்று. நம் ஊரில் கண் மஞ்சளானால் பொட்கின் நோய், தொற்றுகிற காமாலை, என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் பாதிப்பேருக்கு வந்து போனதுதானே. யாரும் பெரிதாகப் பயப்படவில்லை. அவள் கிண்ணத்தையும் கரண்டியையும் தனியே வைத்தார்கள், அவ்வளவுதான். தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். இரத்தத்தில் கிருமி எதுவும் இல்லை என்று வந்தது. மருத்துவர் சின்ன வயதுப் பெண், கெட்டிக்காரி.

"வேலை செய்யிற எடத்துல ஏதாவது ரசாயனம் புழங்குவீங்களா?" என்று கேட்டாள்.

ஜிபர்குல் வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"எல்லாமே உறிஞ்சுபெட்டிக்குள்ளதான் டாக்டர். எங்க ஆய்வுக்கூடத்துக் காத்து உங்க ஆஸ்பத்திரிக் காத்தவிட சுத்தம்."

மருத்துவர் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். புகைமூட்டத்தில் எதிர்க்கட்டடமே தெரியவில்லை. சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

வீட்டில் இருக்கச் சொன்னார்கள். இருந்தாள், தேறினாள். நான் கொழுப்பு நீக்கிய கோழிச்சாறு வைத்து எடுத்துக்கொண்டு போனேன். கன்னத்தில் நிறம் வந்திருந்தது, கண் வெளுத்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்துபோயிற்று. எதனால் வந்தது, எதை நிறுத்தியதும் போனது என்பது தெளிவாக இருந்தது. நல்ல சோதனை என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும்.

அசில்பெக் வாசலில் வழிமறித்து நின்றான்.

"எஜே, வீட்ல இருந்தா தேறுறா. அங்க வந்தா கருகுறா. அங்க என்னதான் இருக்கு?"

"வேலை இருக்கு தம்பி."

"நான் வெவரம் இல்லாதவன், வண்டி ஓட்டுறவன். ஆனா எஞ்சின் புகை உள்ள வந்தா எனக்குத் தெரியும். அந்தப் பெட்டிய நான் வந்து பாக்கலாமா?"

"தாராளமா வா."

வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மாடியில் ஓடுகிற விசிறியைக் காது கொடுத்துக் கேட்டான். பச்சை விளக்கைப் பார்த்தான். நாடா படபடப்பதை வெகுநேரம் பார்த்தான். குனிந்து பெட்டிக்குள் மூக்கை வைத்தான். அன்று வேலை நடக்கவில்லை, வாடை இல்லை. நிமிர்ந்தபோது முகம் தளர்ந்திருந்தது. "தப்பா நினைச்சுட்டேன் எஜே. உங்கமேல பழி போட்டுட்டேன்" என்றான். மறுநாள் ஒரு பை நிறைய உலர்ந்த தயிர் உருண்டை கொடுத்தனுப்பினான், அவன் அம்மா செய்தது. நன்றாக இருந்தது.

கட்டுரைக்கு இன்னும் ஒரு தொகுதி கலங்கள் தேவைப்பட்டன. நீண்ட நாள் விளக்கொளியில் வைத்து, தாங்குகின்றனவா என்று பார்ப்பதற்கு. ஜிபர்குல் கையால்தான் செய்யமுடியும். கொஞ்ச நாள் வந்துவிட்டுப் போ என்றேன். வற்புறுத்தவில்லை, கேட்டேன். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தன்னை மறந்துவிடுவேனோ என்று பயந்திருந்தாளாம்.

தொகுதி முடிந்த வாரத்திலேயே அவள் விழுந்தாள். இந்த முறை கண் மட்டும் அல்ல, தோலெல்லாம் மஞ்சள். பேச்சு குழறியது, ஆளை அடையாளம் தெரியவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்கே நான் நாற்காலியில் ஏறித் தகட்டைத் திறந்துவிட்டேன், சின்ன விசிறியையும் எடுத்துவிட்டேன். அவள் இல்லாதபோது அது மூடியிருந்து என்ன பயன்? வேறு யாராவது வந்து அங்கே நின்றுவைத்தால் பாவம்.

அசில்பெக் ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டான். அழவில்லை. குரல் மரத்துப்போயிருந்தது.

"எஜே, டாக்டருங்க திரும்பத் திரும்பக் கேக்குறாங்க. அவ எதையாவது சுவாசிச்சாளான்னு. தெரிஞ்சா வேற மருந்து குடுப்பாங்களாம். உங்க கால்ல விழுறேன், எதாவது இருந்தா சொல்லுங்க."

"பெட்டிய நீதான உன் கண்ணால பாத்த தம்பி" என்றேன்.

 "ஆமா, பாத்தேன்" என்றான். தொலைபேசியை வைத்துவிட்டான்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள். அப்போது சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது, மருத்துவர்களுக்கும் தெரியாது. ஆனால் கலங்கள் விளக்கின் கீழ் இருந்தன. பாதியில் ஆட்கள் வந்து அறைக்கு முத்திரை வைத்திருந்தால் எல்லாம் போயிருக்கும். அவள் செய்த கடைசித் தொகுதி அது. அதை வீணாக்குவதுதான் அவளுக்குச் செய்கிற துரோகம் என்று எனக்குப் பட்டது. கலங்கள் தாங்கின. சொன்னால் நம்பமாட்டீர்கள், கடைசி நாள் வரை ஏறக்குறைய அப்படியே இருந்தன.

அவளைக் கொச்கோரில் புதைத்தார்கள். நான் போயிருந்தேன். பெண்கள் ஒப்பாரி வைத்தபோது நானும் அழுதேன், நடிக்கவில்லை. என் மகளாக இருந்தாலும் அதைவிட அழுதிருக்கமாட்டேன்.

அதன்பிறகுதான் வம்பு தொடங்கியது. அல்மாட்டிக்காரர்கள் எங்கள் கலத்தைச் செய்துபார்த்தார்கள், வரவில்லை. ஓமுராகுன் வேறு ஆளை வைத்து எங்கள் மேசையிலேயே செய்துபார்த்தார், வரவில்லை. எப்படி வரும், தகடு திறந்திருக்கிறது, விசிறி இழுக்கிறது. கட்டுரையில் 'அசையாத காற்றில்' என்று ஒரு வரி எழுதியிருக்கிறேன். அது பொய் இல்லை, யாரும் அதைக் கவனித்துப் படிக்கவில்லை, அவ்வளவுதான். குழு போட்டார்கள். அவள் சீட்டு மாற்றுகிறவள் என்று தான் அன்றே சொன்னதாக ஓமுராகுன் எல்லோரிடமும் சொல்லித்திரிகிறார். அந்தப் பேச்சு கொச்கோர் வரை போய்விட்டது. உன் பெண்டாட்டி ஏமாற்றுக்காரியாமே என்று அசில்பெக்கின் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறார்கள். இதை என்னால் பொறுக்கமுடியவில்லை. நேற்றெல்லாம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நேர்மையான ஒரு பெண்ணின் பெயரை இப்படிச் சேற்றில் இழுப்பதற்கு இவர்களுக்கு எப்படி மனம் வருகிறது?

ஆகவே முழுவதும் எழுதிக்கொள்ளுங்கள். தகட்டை மூடியது நான். அவள் என்ன சுவாசிக்கிறாள் என்று முதல் நாளிலிருந்து எனக்குத் தெரியும். மூடி வைத்துச் செய்துபாருங்கள், அதே கலம் வரும். அவள் சொன்ன ஒவ்வொரு எண்ணும் உண்மை.

கட்டுரையில் முதல் பெயர் அவளுடையதுதான், என் பெயர் பின்னால்தான் வருகிறது. செத்துப்போன ஆய்வாளரின் பெயரைச் சுற்றிக் கறுப்புக் கட்டம் போடுவது நம் பத்திரிகைகளின் பழைய மரியாதை. அதையும் என் கையாலேயே போட்டேன், கோட்டைக் கொஞ்சம் தடிமனாகவே வைத்தேன். நீங்கள் ஏன் நாட்காட்டியைப் பார்க்கிறீர்கள் என்று புரிகிறது. ஆமாம், அசில்பெக் தொலைபேசியில் கூப்பிட்ட அதே சாயங்காலம்தான் அனுப்பினேன். அவள் அப்போது உயிரோடு இருந்தாள். கட்டுரை அனுப்ப அதுதான் கடைசி நாள், தம்பி, விளக்குச் சோதனையின் எண்களை மட்டும் பிறகு சேர்க்கலாம், பெயர்களில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற விடமாட்டார்கள். அந்தக் கட்டம் இல்லாமல் அவள் பெயர் அச்சாகிவிட்டால், அவளுக்கு எவ்வளவு பெரிய அவமரியாதை.